முதல் கேமரா: வாங்குவது ஒரு நாள், பழகுவது ஒரு வருடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, நீ கான்கிரீட் விரிசலைப் பற்றிப் பேசினால் பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்து போய்விடும். நீ படம் எடுப்பாய் அல்லவா, அதைப் பற்றிப் பேசு" என்றார். அண்ணன் சொல்லைத் தட்ட முடியுமா? நான் 2010-ல் இங்கே சிவில் முடித்தவன். பாலங்களையும் பழைய கட்டடங்களையும் ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. போட்டோகிராபர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2011-ல் ஒரு நிக்கான் டி3100 வாங்கினேன். அன்றிலிருந்து இன்று வரை கற்றுக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

இந்த உரைக்காக நம் மாணவர்கள் சிலரிடம் பேசினேன். மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. செல்போன் இருக்கும்போது டி.எஸ்.எல்.ஆர். எதற்கு? அதன் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே? தவணையில் வாங்கலாமா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, வாங்கியபின் எப்படிப் பழகுவது என்பதற்கு வருகிறேன்.

முதல் கேள்வி. ஒற்றை லென்ஸ், அதற்குப் பின்னால் 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடி: எஸ்.எல்.ஆர். என்பது இவ்வளவுதான். லென்ஸ் வழியாக வரும் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி தூக்கிக்கொள்கிறது, ஷட்டர் திறக்கிறது, அதே ஒளி சென்சாரில் விழுகிறது. "டடக்" என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான்.

அந்த சென்சார் நிக்கானின் ஆரம்ப நிலை கேமராக்களில் ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மி.மீ. நல்ல செல்போன்களில்கூட பொதுவாக 10-க்கு 7.5 மி.மீ. அளவில்தான் இருக்கும். பரப்பளவைக் கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு வித்தியாசம் வரும். மழை பெய்யும்போது டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் செல்போன்காரர்கள் கெட்டிக்காரர்கள். கண் சிமிட்டும் நேரத்தில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இருட்டை வெளுத்து, முகத்தைத் துலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. கற்றுக்கொள்ள நினைப்பவனுக்கு மட்டும் அது இடைஞ்சல். எதை மாற்றியதால் எது மாறியது என்று அது சொல்வதில்லை. கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு எதற்கு என்று கேட்டால் நம் கணக்கு வாத்தியார் என்ன பதில் சொல்வாரோ, அதே பதில்தான் என்னுடையதும். படம் மட்டும் போதும் என்றால் செல்போன் போதும். ஒளி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு திருகையும் நாமே திருப்பிப் பார்க்கும் கருவி வேண்டும்.

இரண்டாவது கேள்வி. 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆனது. 1991-ல் அதே கோடாக், நிக்கான் எஃப்3 கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சாதாரண மனிதன் பக்கத்தில் போக முடியாத அளவு. 2003-ல் கேனான் 300டி வந்தபோது, அமெரிக்காவில் முதல் தடவையாக ஆயிரம் டாலருக்குள் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கிடைத்தது. கல்யாண வீடுகளில் ஃபிலிம் மறைந்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வந்தது. 2018-ல் கேனானும் நிக்கானும் தங்கள் பெரிய சென்சார் மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. அதே 2018-ல் வந்த நிக்கான் டி3500-க்குப் பிறகு அந்த வரிசையில் அடுத்தது வரவில்லை. ஆகவே, "காலம் முடிந்துவிட்டதா?" என்றால், கம்பெனிகளுக்கு முடிந்துவிட்டது என்பது உண்மைதான்.

மாணவனுக்கு அது நல்ல செய்தி. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் பழையதை விற்கிறார்கள். சென்சார் தேயவில்லை, லென்ஸ் மங்கவில்லை, விலை மட்டும் இறங்கியிருக்கிறது. நாளைக்கு நீங்களே மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும், கேனான் இ.எஃப். லென்ஸையும் நிக்கான் ஏ.எஃப்.எஸ். லென்ஸையும் அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் வழியாக அங்கேயும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. ஒரு தம்பி சொன்னான்: "அண்ணா, புதுசு வாங்க அம்மா வளையலை அடகு வைக்கிறேன்கிறாங்க. நாலு கல்யாணம் எடுத்தா மீட்டுடலாம்ல?" தம்பி, வேண்டாம். காரணம் சொல்கிறேன். ஆரம்ப நிலை கேமராவில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான் இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் அந்தக் கார்டு பழுதானால், மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? தொழில் செய்கிறவர்கள் இரண்டு கேமரா, இரட்டைக் கார்டு, மாற்று ஃபிளாஷ் என்று வைத்திருப்பது பகட்டுக்காக அல்ல. அடுத்தவர் வீட்டு நல்ல நாளுக்கு அவர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அந்தப் பொறுப்புக்கு நீ தயாராக வருடங்கள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. முதல் கேமரா படிக்கிற கேமரா. படிப்பை வைத்து முதல் மாதமே சம்பாதிக்க நினைக்காதே. கையிருப்பில் வாங்க முடிந்ததை வாங்கு, இல்லையென்றால் இரவல் வாங்கு. இரவலுக்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, பழைய கேமரா வாங்கப் போகிறீர்கள். கையில் இருப்பது நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிக்கிற கணக்கு இது. அறுபது ரூபாய் கேமராவுக்கும் அதோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுக்கும். இருபத்தைந்து ரூபாய், எஃப் 1.8 உள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸுக்கு. மிச்சம் பதினைந்து கார்டு, மாற்று பாட்டரி, காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல். நூறையும் கேமராவிலேயே போட்டால் லென்ஸுக்குக் காசு இருக்காது. ஒளி உள்ளே வருவது லென்ஸ் வழியாகத்தான்.

வாங்கும்போது ஐந்து சோதனைகள். செல்போன் டார்ச் ஒன்று கையில் இருந்தால் போதும்.

ஒன்று, லென்ஸை எடுத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு, எஃப் 16-ல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைத் துடைத்துவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். கோடு மாதிரி கீறல் தெரிந்தால் வேண்டாம்.

மூன்று, ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்று பாருங்கள். நிக்கான் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அந்த எண் பதிவாகியிருக்கும், படக்கோப்பின் விவரத்தைப் படிக்கும் மென்பொருள் காட்டிவிடும். டி3500-ன் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. பத்தாயிரம் ஓடியதும் தொண்ணூறாயிரம் ஓடியதும் ஒரே விலையாக முடியாது. பழைய பைக் வாங்கும்போது கிலோமீட்டர் பார்ப்பதில்லையா, அதே மாதிரி.

நான்கு, பாட்டரி உப்பியிருக்கிறதா, ஃபிளாஷ் வேலை செய்கிறதா, ஒவ்வொரு பட்டனும் சொன்னதைக் கேட்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து, நிக்கான் வாங்குகிறவர்களுக்கு மட்டும். டி3000, டி5000 வரிசை கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். ஏ.எஃப்.எஸ். என்று எழுதியிருந்தால் இருக்கிறது. பழைய ஏ.எஃப். டி வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

இனி பழகும் கதை. கேமராவில் ஐம்பது பட்டன் இருக்கலாம். ஒளியின் அளவைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. ஓட்டை எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, சென்சாரில் கிடைத்ததை எவ்வளவு பெருக்குகிறோம். குழாயடியில் குடம் நிரப்பிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

எஃப் எண்ணைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நம் ஆட்களுக்கு அது சின்னக் கணக்கு. குவிய தூரத்தை ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் விட்டம் 25 மி.மீ., எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்கு. அதனால்தான் எண் கூடக் கூட ஒளி குறைகிறது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசை, ரூட் 2-ஆல் பெருக்கிக்கொண்டே போவது. ஒரு படி ஏறினால் ஒளி பாதி. ஷட்டரிலும் ஐ.எஸ்.ஓ.விலும் ஒரு படி என்றால் அதே இரட்டிப்பு அல்லது பாதிதான். மூன்றுக்கும் ஒரே அலகு இருப்பதால், ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம்.

இதற்கு ஒரு உதாரணம். என் அப்பா எங்கள் ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். கேமரா வாங்கிய வருடம் ஒரு சாயங்காலம் அங்கே போனேன். ஒரே ஒரு ஜன்னல். அந்த வெளிச்சத்தில் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக் கோத்துக்கொண்டிருந்தார். கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 800-ல் அது 1/8 வினாடி கேட்டது. அப்பாவின் விரல்கள் அதைவிட வேகம், படத்தில் விரலே தெரியாது. 35 மி.மீ. லென்ஸை மாட்டி எஃப் 2-க்குத் திறந்தேன். 5.6-லிருந்து 2-க்கு மூன்று படி. 1/8 என்பது 1/15, 1/30, 1/60 ஆனது. விரல் நின்றது, விரலிடுக்கில் இருந்த எழுத்தும் நின்றது.

"அழுக்குச் சட்டையோட எதுக்குடா எடுக்கிற, ஞாயித்துக்கிழமை குளிச்சுட்டு நிக்கிறேன்" என்றார் அப்பா. இரண்டு வருடத்தில் அந்த அச்சகம் மூடப்பட்டது. எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். முப்பது வருடம் அவர் செய்த வேலைக்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம். மூன்று படி ஒளியின் விலை அது.

நீங்கள் பழக நான்கு பயிற்சிகள் சொல்கிறேன். எல்லாம் ஹாஸ்டலிலேயே செய்யலாம்.

முதல் மாதம் ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்து, அப்பர்ச்சரை மட்டும் மாற்றி எடுங்கள். நிக்கானில் ஏ, கேனானில் ஏ.வி. என்று போட்டிருக்கும் நிலை. எஃப் 1.8-ல் கண் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ளது கரைந்துவிடும். எஃப் 8-ல் சுவரில் ஒட்டிய டைம் டேபிள் வரை தெரியும். எந்தப் படத்துக்கு எது வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் மாதம் மின்விசிறி. நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள், வினாடிக்கு 5 சுற்று. 1/30 வினாடியில் இறக்கை 60 டிகிரி நகர்ந்துவிடும், படத்தில் வெறும் மேகம்தான். 1/1000-ல் 1.8 டிகிரி, இறக்கையில் படிந்த தூசிகூடத் தெரியும். வார்டன் கண்ணில் அந்தப் படம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு ஒரு சின்னக் குறிப்பு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது.

மூன்றாம் மாதம் இருட்டிய பிறகு தாழ்வாரத்தில் ஒரே காட்சியை ஐ.எஸ்.ஓ. 100-லிருந்து உச்சம் வரை ஏற்றி எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கேமரா எந்த எண் வரை தாங்கும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். புள்ளி விழுந்த கூர்மையான படம், புள்ளியில்லாத ஆடிப்போன படத்தைவிட மேல்.

நான்காம் மாதம் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புக் குடை. இரண்டையும் தனித்தனியாக, ஒரே வெளிச்சத்தில், படம் முழுக்க நிரம்பும்படி எடுங்கள். இரண்டும் சாம்பல் நிறமாகத்தான் வரும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து அளக்கிறது. வேட்டி வேட்டியாகத் தெரிய ஒரு படி கூட்ட வேண்டும், குடை குடையாகத் தெரிய ஒரு படி குறைக்க வேண்டும். மீட்டருக்குக் கண் உண்டு, எது வேட்டி, எது குடை என்று தெரியாது. அதைச் சொல்லித்தரும் வேலை நம்முடையது. இது புரிந்த அன்று கேமரா உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் என் தொழிலில் எங்கே உதவுகிறது என்று பேராசிரியர்கள் கேட்கலாம். ஒரு தூணில் விரிசல். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே தூரம், அதே கோணம், அதே லென்ஸ், அதே அளவு வெளிச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விரிசல் வளர்ந்ததா இல்லையா என்று படமே பேசும். தானாக முடிவெடுக்கும் கருவி இரண்டு நாளில் இரண்டு விதமாக முடிவெடுத்துவிடும். எல்லாத் திருகும் என் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

கடைசியாக, எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2008-க்கும் 2018-க்கும் இடையில் நம்மில் எத்தனை பேர் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினோம்! குழந்தை பிறந்தபோது, வெளிநாடு போனபோது, போனஸ் வந்தபோது. இன்றைக்கு அவை எங்கே? பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், தோல் பைக்குள். காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் கடற்கரை மாவட்டங்களில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் நாலு மழைக்காலம் போனால் அந்த லென்ஸ் யாருக்கும் உதவாது. இங்கே ஒரு தம்பி வட்டிக்கு வாங்க நினைப்பதும், அங்கே உங்கள் பீரோவில் பூஞ்சை பிடிப்பதும் ஒரே பொருள்தான்.

துறைத் தலைவரிடம் பேசினேன். பூட்டுள்ள அலமாரி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலக் கையெழுத்துப் போட்டு, இரண்டு வாரத்துக்குக் கேமராவை எடுத்துப் போகலாம். என் டி3100-ஐயும், அந்த 35 மி.மீ. லென்ஸையும், சார்ஜரையும் இன்று காலை அங்கே வைத்துவிட்டேன். அலமாரியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, அண்ணன்மார்களே.

எடுத்துப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். அம்மாவோ, அப்பாவோ, மெஸ்ஸில் நமக்குச் சோறு போடும் அண்ணனோ, அவர்கள் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் சட்டையோடு. எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததைக் கார்டிலேயே விட்டுவிடாமல், ஸ்டூடியோவில் ஒரு பிரிண்ட் போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

பந்தி தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.